மனிலாவில் ஊர்ப் பெண்கள்: வேலை ஐந்து மாதம், மருந்து ஆறு மாதம்

மதியம் ஒரு மணியிருக்கும். மனிலாப் பெருநகரின் கெசோன் சிட்டியிலுள்ள பெரிய கடைத்தொகுதி ஒன்றின் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்த நான், அங்கு கண்ட காட்சியால் ஒரு கணம் வாசலிலேயே நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் எட்டு, ஒன்பது யுவதிகள் வரிசையாக நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நிறச் சீருடை அணிந்த விற்பனைப் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் சிறிய பை. அதற்குள் பிரஷ், பற்பசை, சிறிய துவாய், முகத்துக்குப் பூசும் பவுடர். மதிய உணவுக்குப் பின் பல் துலக்காமல் வேலைக்குத் திரும்புவது அங்கே கூச்சத்துக்குரிய விடயம். அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இதே வழக்கம்தான் என்று பிறகு அறிந்தேன்.

பெண்கள் அமைப்புகளுக்கான பயிற்சி ஒன்றிற்காகச் சில வாரங்கள் அந்த நகரில் தங்கியிருந்தேன். பயிற்சியில் கற்றவை குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் அந்நகரத்துக்கு வேலை தேடி வந்த ஊர்ப் பெண்கள் தம் உடலை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதைத் தங்கியிருந்த வீட்டின் குசினியில்தான் கற்றுக்கொண்டேன். அதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பதினேழு ஊர்கள் சேர்ந்த ஒரு நகரம்

மனிலா என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நகரத்தை அல்ல. 16 நகரங்களும் பத்தேரோஸ் என்ற ஒரு சிறு நகராட்சியும் சேர்ந்ததே மனிலாப் பெருநகரம். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு 1 கோடியே 34 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். நான் தங்கியிருந்த கெசோன் சிட்டியில் மட்டும் ஏறக்குறைய 30 இலட்சம் பேர்.

இவர்களில் பெருந்தொகையானோர் வெளியூரிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். பிலிப்பைன்ஸ் பெண்கள் என்றதும் மத்திய கிழக்குக்கும் ஹொங்கொங்குக்கும் போகும் பணிப்பெண்களே நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கடல் கடக்காமல் தம் நாட்டுக்குள்ளேயே தீவு விட்டுத் தீவு வந்து உழைக்கும் பெண்களும் ஏராளம். குபாவோ என்ற இடத்திலுள்ள பஸ் தரிப்பிடங்களில் விடியற்காலையில் நின்றால் இவர்களைக் காணலாம். லெய்ட்டே தீவின் தக்லோபானிலிருந்து வரும் பஸ், 1973இல் கட்டி முடிக்கப்பட்ட சான் ஹுவானிக்கோப் பாலத்தைக் கடந்து, சமார் தீவு முழுவதையும் தாண்டி, படகில் ஏறி லூசோன் தீவில் இறங்கி, பின்னரும் ஓடி, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து இங்கு வந்து சேரும். அட்டைப் பெட்டியைக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் பெண் பிள்ளைகளின் முகங்களில் தூக்கமும் பயமும் கலந்திருக்கும்.

எங்கள் விடுதியின் சமையற்காரப் பெண்மணியும் அப்படி வந்தவர்தான். ஐம்பது வயதைத் தாண்டிய அவரை எல்லோரும் ‘அத்தே’ என்றே அழைத்தார்கள். நமது அத்தை அல்ல. அவர்கள் மொழியில் அத்தே என்றால் அக்கா. நானும் அவ்வாறே அழைத்தேன். முதல் இரண்டு நாட்கள் என்னை ‘மேடம்’ என்றவர், ஒருநாள் நான் வெங்காயம் உரித்துக் கொடுத்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்.

முருங்கையும் நொச்சியும்

குசினியில் எனக்கு முதல் ஆச்சரியம் ஒரு கட்டுக் கீரை. ‘மலுங்கை’ என்றார் அத்தே. பார்த்தால் நம் முருங்கை! இஞ்சி, பச்சைப் பப்பாசி, கோழி இறைச்சி போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கும் நேரத்தில் முருங்கையிலையைத் தூவுகிறார்கள். ‘தினோலா’ என்னும் இந்தச் சூப்பைப் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரப்பதற்காகக் கொடுப்பார்களாம். நம் வீடுகளில் சரக்குக் கறியுடன் முருங்கையிலைச் சுண்டல் கொடுப்பதை அவருக்குச் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த ஆச்சரியம் ‘லகுண்டி’. இருமலுக்கு அத்தே அவித்துக் குடித்த இலையை முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் ஆவி பிடிக்கும் நொச்சி! பிலிப்பைன்ஸ் சுகாதாரத் திணைக்களம் ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. பாகல், கொய்யா இலை, உள்ளி என்பனவும் அந்தப் பட்டியலில் உள்ளன. 1997ஆம் ஆண்டில் பாரம்பரிய மருத்துவத்துக்கென ஒரு சட்டமும் இயற்றினார்கள். இன்று நொச்சிக் குளிசையும் பாணியும் மருந்துக்கடைகளிலே கிடைக்கின்றன. பாட்டி வைத்தியத்தைப் பரிசோதித்து, அளவு குறித்து, போத்தலில் அடைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான்.

தொண்டை கரகரத்தால் இஞ்சி அவித்த ‘சலபாட்’. நாம் கொத்தமல்லி அவிப்பது போல. சிறுநீர் எரிந்தால் இளநீர். தலையிடித்தால் கழுத்திலும் நெற்றியிலும் தைலம். சுளுக்கினாலோ உடம்பு நொந்தாலோ ‘ஹிலொட்’ என்னும் கைவைத்தியம். கைப்பக்குவம் உள்ள ஒரு மூதாட்டி எண்ணெய் பூசித் தடவிவிடுவார். குளிப்பது நாள்தோறும். வாளியும் ‘தாபோ’ என்னும் கைபிடிக் கோப்பையும் இல்லாத குளியலறை இல்லை. தண்ணீர் அரிதான வாடகை அறைகளிலும் இந்தப் பழக்கத்தை அவர்கள் கைவிடுவதில்லை.

‘பஸ்மா’ என்ற நம்பிக்கை பற்றியும் சொல்லவேண்டும். உடம்பு வேலையால் சூடேறியிருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் நரம்பு தளர்ந்து கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும் என்கிறார்கள். ஆகவே துணிகளுக்கு ஸ்திரிக்கை போட்ட பெண் உடனே கை கழுவமாட்டாள். நாள் முழுதும் நின்று வேலை செய்தவள் வந்தவுடன் கால் கழுவமாட்டாள். மருத்துவ நூல்களில் இப்படி ஒரு நோய் இல்லை. அத்தேயிடம் அதைச் சொன்னேன். “புத்தகம் எழுதினவர் எட்டு மணித்தியாலம் துணிக்கு ஸ்திரிக்கை போட்டிருக்கமாட்டார்” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. வேலை முடிந்தபின் சற்று நேரம் உட்காருவதற்கு ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே அனுமதி இதுவாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

ஒவ்வொன்றாக வாங்கும் வாழ்க்கை

எங்கள் தெருமுனையில் ஒரு ‘சரிசரி’ கடை இருந்தது. வீட்டின் முன் ஜன்னலில் கம்பி அடித்து நடத்தப்படும் சில்லறைக் கடை. அங்கே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கலாம்: ஒரு முட்டை, ஒரு பைக்கற்று ஷாம்பு, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சிகரெட். இந்த முறைக்கு ‘திங்கி’ என்று பெயர். நாட்கூலி வாங்குபவர்களுக்கு வேறு வழியில்லை.

இப்படி வாங்கும் பழக்கம் குளிசைக்கும் வந்துவிட்டதுதான் ஆபத்து. மருந்துக்கடைகளிலும் குளிசைகளை எண்ணி வாங்கலாம். 1988ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரில் விற்க வழி செய்யப்பட்டது. 2008இல் மருந்து விலையைக் குறைக்க இன்னொரு சட்டம் வந்தது. இவற்றால் ஏழைகளுக்கு நன்மை உண்டு. ஆனால் வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத அன்டிபயோட்டிக் குளிசைகளும் சில தெருக்கடைகளில் இரண்டு மூன்றாகக் கைமாறுகின்றன. காய்ச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி சாவதில்லை, மருந்துக்குப் பழகிவிடுகிறது.

சாப்பாடும் அப்படித்தான். ஊரில் மீனும் கிழங்கும் கீரையும் உண்டு வளர்ந்தவர்கள், இங்கே சோற்றுடன் டின் மீனோ உடனடி நூடில்ஸோ சாப்பிடுகிறார்கள். பாலும் சீனியும் கலந்த கோப்பித்தூள் பைக்கற்று ஒன்றே பலருக்குக் காலை உணவு. கரிந்தேரியா எனப்படும் தெருவோரச் சாப்பாட்டுக்கடையில் விரலால் சுட்டிக்காட்டிக் கறி வாங்கலாம். உப்பும் எண்ணெயும் சற்றுத் தாராளமாக இருக்கும். மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சியதில்தான் வயிற்றைப் பற்றி யோசிக்கிறார்கள். மனிலாப் பெருநகரில் அடிப்படை நாட்கூலி 2025 ஜூலையில் 695 பெசோவாக உயர்த்தப்பட்டது. அறை வாடகையும் பஸ் காசும் போக அதில் எவ்வளவு மிஞ்சும்?

மனிலாவின் பழைய கியாப்போ தேவாலயத்தின் முன்னால் மூலிகை விற்கும் பெண்களையும் போய்ப் பார்த்தேன். வேர்கள், பட்டைகள், தாயத்துகள், எண்ணெய்ப் போத்தல்கள். அவற்றிடையே ‘தள்ளிப்போன மாதவிடாயை வரவழைக்கும்’ கசப்புத் திராவகப் போத்தல்களும் இருந்தன. அவை யாருக்காக என்று விளக்கத் தேவையில்லை. அந்நாட்டில் கருக்கலைப்பு சட்டவிரோதம். குடும்பத் திட்டமிடலை அரச நிலையங்களில் வழங்குவதற்கான சட்டம் 2012இல்தான் வந்தது. தனியாக நகரத்தில் வாழும் பெண்பிள்ளை ஒருத்தி வெட்கத்தாலும் பயத்தாலும் கிளினிக்குக்குப் போகாமல் இந்தப் போத்தலை வாங்கிப் போனால் என்ன நடக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறியது.

எட்டுக் கட்டில்களும் மூடிய ஜன்னலும்

அத்தேயின் தங்கை மகளுக்கு இருபத்திமூன்று வயது. 2013 நொவெம்பர் 8ஆந் திகதி வீசிய பெரும் சூறாவளி லெய்ட்டேயையும் சமாரையும் புரட்டிப் போட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மில்லியன் கணக்கான தென்னைகள் விழுந்தன. அவளுடைய தகப்பனின் தோட்டமும் அதில் போயிற்று. நட்ட தென்னை காய்க்கப் பல வருடங்களாகும். அதற்கிடையில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் மனிலாவுக்கு பஸ் ஏறினாள். கடைத்தொகுதியொன்றில் காலணி விற்கிறாள். நான் கழிப்பறையில் கண்டது போன்ற பெண்களில் அவளும் ஒருத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தே என்னை அவளிடம் அழைத்துச் சென்றார். அவள் இருப்பது அறையில் அல்ல, ஒரு கட்டிலில்! ஒரே அறைக்குள் நான்கு இரட்டைக் கட்டில்கள், எட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் தன் கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுக்கிறாள். அறை மிகச் சுத்தமாக இருந்தது. செருப்புகள் வாசலில் வரிசையாக, துவாய்கள் மடித்து, எட்டுக் கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆனால் ஜன்னல் மூடியிருந்தது. வெளியே தூசி, திருடர் பயம், இரவு வேலை செய்து பகலில் தூங்குபவர்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று பல காரணங்கள்.

அவள் இருமினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் இருமப் பழகியிருந்தாள்.

“எத்தனை நாளாக?” என்று அத்தே கேட்டார்.

“நேற்றிலிருந்துதான் அத்தே” என்றாள் அவள். அடுத்த கட்டிலில் இருந்த பெண் எங்களைப் பார்த்து ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். ஐந்து கிழமை!

தெருக்கடையில் வாங்கிய நான்கு குளிசைகளைப் போட்டிருக்கிறாள். நொச்சி அவித்துக் குடித்திருக்கிறாள். வேலைக்களைப்பில் இரவு குளித்ததால்தான் இப்படி என்று நம்பியிருக்கிறாள். அண்மைக்காலமாக இரவில் வியர்க்கிறது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் வைத்தியரிடம் போகவில்லை. ஏன் தெரியுமா? எக்ஸ்ரே எடுப்பார்கள் என்ற பயம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அந்நாட்டுத் தொழிற் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிவிடுவார். அதைத் தவிர்க்கப் பல முதலாளிகள் ஐந்து மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதி, முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘எண்டோ’ என்று சொல்லப்படும் இந்த வழக்கத்தால், ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வேறு கடை, வேறு விண்ணப்பம், மீண்டும் நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர்ப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி தெரிந்தாலே வேலை கிடைக்காது என்பது இந்தப் பெண்களின் பேச்சு. பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்க இருக்கிறது. இவர்களோ அதற்குப் பயந்து நோயை மறைக்கிறார்கள்.

“தட்டை விடு, ஜன்னலைத் திற”

மறுநாள் காலை அத்தே விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். நானும் போனேன். ‘பராங்காய்’ என்பது அங்குள்ள மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு. நமது கிராம சேவகர் பிரிவு போன்றது என்று சொல்லலாம். அங்குள்ள மக்களுக்கான சுகாதார நிலையம் தெருக்கோடியில் பச்சைச் சுவருடன் நின்றது. அதன் தூண்களாக இருப்பவர்கள் தொண்டர்களான பெண்கள். சிறு கொடுப்பனவே பெறும் இவர்களுக்கு 1995இல் ஒரு தனிச்சட்டம் மூலம் அங்கீகாரம் அளிக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு போய்க் குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பதும், தடுப்பூசிக்கு அழைப்பதும், மருந்து குடித்தார்களா என்று பார்ப்பதும் இவர்களே.

சளி மாதிரி கொடுத்த சில நாட்களில் முடிவு வந்தது. காசநோய்.

பிள்ளை அழுதாள். தனக்காக அல்ல, ஊருக்கு அனுப்பும் பணத்துக்காக. அந்தத் தொண்டர் பெண் அவள் அழுது முடியும் வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: மருந்து இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த குளிசை, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். ஒரு நாளும் விடக்கூடாது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படவேண்டாம், அது மருந்தின் நிறம். ஒழுங்காகக் குடித்தால் சில வாரங்களில் மற்றவர்களுக்குத் தொற்றுவது நின்றுவிடும். அறையிலுள்ள ஏழு பேரும் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

“இவளுடைய தட்டையும் கோப்பையையும் வேறாக்கி வைத்துவிட்டோம்” என்றாள் கூட வந்த அறைத்தோழி, சரியானதைச் செய்த பெருமையுடன்.

“தட்டை விடு, ஜன்னலைத் திற” என்றார் தொண்டர். காசநோய் காற்றில் பரவுவது, தட்டில் அல்ல. அந்த ஒரு வசனத்தை நான் குறிப்புப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

நோயைக் காரணம் காட்டித் தொழிலாளியை ஒதுக்கக்கூடாது என்று 2005இலேயே தொழில் திணைக்களம் வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. காசநோய் ஒழிப்புக்கென 2016இல் சட்டமும் வந்தது. 2019ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டப்படி எல்லாக் குடிமக்களும் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் அடங்குவர். வீட்டுப் பணிப்பெண்களுக்கோ 2013ஆம் ஆண்டின் ‘கசம்பஹாய்’ சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியால ஓய்வையும், வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறையையும், ஒரு மாத சேவைக்குப் பின் சமூகக் காப்புறுதியையும் உரிமையாக்கியது. அத்தே அன்று விடுப்புக் கேட்டபோது தயங்காமல் கேட்டதற்கு அந்தச் சட்டம் தந்த துணிச்சலும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. எட்டுக் கட்டில் அறைக்குள் சட்டம் தானாக நடந்து வருவதில்லை. யாராவது ஓர் அத்தே கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருக்கிறது.

வீடு திரும்பும் வழியில் அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் மூன்று மாதம். மருந்தோ ஆறு மாதம். “மருந்து குடித்து முடியுமுன் வேலை முடிந்துவிடும்” என்றாள். அதற்கு அத்தே, “வேலை வேறு கிடைக்கும். நுரையீரல் வேறு கிடைக்குமா?” என்று கேட்டார்.

பிறகு

நான் நாடு திரும்பிய பின்னும் அத்தே தொலைபேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அறைத்தோழிகள் ஏழு பேரும் பரிசோதனைக்குப் போனார்களாம். இன்னொருத்திக்கும் நோய் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டதாம். ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் சொன்னபடி மூன்று மாதத்தில் முடிந்தது. அவளைத் திரும்ப எடுக்கவில்லை. அவள் ஊருக்குப் போக முடிவு செய்தபோது, சுகாதார நிலையத்தில் ஒரு கடிதம் எழுதி, வழிக்குத் தேவையான குளிசைகளையும் கட்டிக் கொடுத்தார்கள். மீதி மூன்று மாதமும் லெய்ட்டேயிலுள்ள கிராமச் சுகாதார நிலையத்தில் அவள் மருந்து குடித்தாள். கடைசிக் குளிசை குடித்த அன்று, தாயின் குசினியில் முருங்கையிலை ஆய்ந்தபடி எடுத்த படம் ஒன்று எனக்கு வந்தது. கன்னம் சற்று நிரம்பியிருந்தது. மீண்டும் மனிலாவுக்குப் போவாளா என்று கேட்டேன். போவாளாம், தென்னை இன்னும் போதிய அளவு காய்க்கவில்லையாம்.

கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை வேலைக்காக போர்டிங் அறைகளில் நெருங்கி வாழும் நம் பிள்ளைகளை அந்தப் படம் எனக்கு நினைவூட்டியது. மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் கொழும்புக்கு வந்த எத்தனையோ பேர், விடுப்பு எடுத்தால் சம்பளம் வெட்டுவார்கள் என்று இருமலை விழுங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் அதைக் களைப்பு என்றோ குளிர் என்றோ தள்ளிவிடாதீர்கள். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இங்கும் இலவசமே. உங்கள் அறையில் யாராவது வாயைப் பொத்திச் சத்தமில்லாமல் இருமினால், அவளுடைய கோப்பையை வேறாக்கி வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.